நோவாவுக்குக் கொடுத்த வாக்கும் துவாலுவின் கடலும்

2019 ஆகஸ்டில் பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்கள் துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் கூடினார்கள். விமானத்திலிருந்து இறங்கியவர்களைச் சிறுவர் சிறுமியர் பாட்டுப் பாடி வரவேற்றார்கள். மூழ்கும் தீவைப்போல ஒரு மாதிரி அமைத்து, அதைச் சுற்றித் தேக்கிய நீரில் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நடந்த நீண்ட பேச்சுவார்த்தையில் முட்டிக்கொண்ட இருவர், துவாலு பிரதமர் எனெலே சோபோவாகாவும் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மோரிசனும். கூட்டறிக்கையில் நிலக்கரியைப் பற்றி வெளிப்படையாக எழுத வேண்டும் என்று தீவுகள் கேட்டன, ஆஸ்திரேலியா இணங்கவில்லை. உங்களுக்கு உங்கள் பொருளாதாரத்தைக் காப்பாற்றும் கவலை, எனக்கு என் மக்களைக் காப்பாற்றும் கவலை என்ற பொருளில் சோபோவாகா சொன்னது உலகெங்கும் செய்தியானது. மோரிசன் யாரென்றால், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நிதிப் பொறுப்பில் இருந்தபோது ஒரு நிலக்கரிக் கட்டியைக் கையில் ஏந்தி நாடாளுமன்றத்துக்குள் வந்து, இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்று சொன்னவர்.

இருவரும் கிறிஸ்தவர்கள். மோரிசன் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். தன் விசுவாசத்தை மறைத்தவரல்ல. துவாலுவிலோ மக்களில் மிகப் பெரும்பான்மையோர் ஒரே சபையின் அங்கத்தினர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நாடே ஆராதனைக்குப் போகிறது. ஒரே வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், பருவநிலை மாற்றத்தில் கிறிஸ்தவர்களின் பொறுப்பு என்ன என்ற கேள்விக்கு ‘இயற்கையைப் பேணுங்கள் என்று வேதம் சொல்கிறது’ என்ற பதில் போதாது. அந்த வாக்கியத்தை மோரிசனும் மறுத்திருக்க மாட்டார்.

கிறிஸ்தவத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் 1967-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். இடைக்கால ஐரோப்பாவின் ஏர்களையும் எந்திரங்களையும் ஆராய்ந்தவர் அவர். பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளும்படி மனிதனுக்குக் கட்டளை கிடைத்ததாகச் சொல்லும் படைப்புக் கதையும், காட்டிலும் ஓடையிலும் குடியிருந்த தெய்வங்களை விரட்டிவிட்ட மேற்கத்திய கிறிஸ்தவமும் சேர்ந்துதான் இயற்கைமேல் கைவைக்கும் அச்சத்தைப் போக்கின என்பது அவர் வாதம். இதில் மிகை உண்டு. ஆரல் கடலை வற்றடித்த சோவியத் அரசு வேதாகமத்தைப் படித்துவிட்டு அதைச் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரை சபைகளைச் சுட்டது. மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்திக் காப்பதற்குத்தான் என்ற அடுத்த அதிகாரத்தை இறையியலாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். நம் ஊர்ச் சபைகளில் ‘உக்கிராணத்துவம்’ என்று சொல்கிறார்களே, அந்தக் கருத்து உலகச் சபைகளின் பதிலாக ஆனது. பூமி கடவுளுடையது, மனிதன் அதன் கணக்கப்பிள்ளை. லின் வைட்டே அந்தக் கட்டுரையில் அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக்கலாம் என்று சொல்லியிருந்தார்; 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அப்படியே அறிவித்தார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு அந்தப் பதில் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது? அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2022-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்றில், பூமியைப் பாதுகாக்கும் கடமையைக் கடவுள் மனிதருக்குக் கொடுத்திருக்கிறார் என்று கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொள்கிறார்கள். அதே கணக்கெடுப்பில், பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் மனிதச் செயல்தான் என்று ஏற்றுக்கொண்ட இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் 32 விழுக்காடு மட்டுமே. அமெரிக்கர் மொத்தத்தில் அது 53 விழுக்காடு. கடமை உண்டு என்பதில் தகராறே இல்லை. யார் யாருக்கு எதைச் செய்தார்கள் என்று கேட்கும் இடத்தில்தான் தலை திரும்பிக்கொள்கிறது. உக்கிராணத்துவம் என்ற கருத்தின் பலவீனம் இதில் தெரிகிறது. அதில் மனிதனும் தோட்டமும் தோட்டத்தின் உடைமையாளரும் இருக்கிறார்கள்; பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. பருவநிலை மாற்றத்தின் மையத்தில் இருப்பவனோ அவன்தான். ஒருவர் எரித்த கரியால் இன்னொருவரின் கிணறு உப்பாகிறது. ஆகவே கிறிஸ்தவர் முன் உள்ள பொறுப்பைத் தோட்டப் பராமரிப்பு என்பதைவிட அயலாருக்குப் பட்ட கடன் என்று பார்ப்பதே வேதத்துக்கும் நெருக்கம், அறிவியலுக்கும் நெருக்கம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிணறு உப்பாகிறது என்பது அலங்காரப் பேச்சல்ல. துவாலு ஒன்பது தீவுக் கூட்டங்கள், சுமார் 11,000 பேர். பெரும்பகுதி நிலம் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் உயராது. பவளப் பாறைமேல் படிந்த மணல்தான் நிலம். ஆறில்லை, வயலுக்கான மண்ணில்லை. மழைநீர் அந்த மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கும். அந்தப் படலத்தைத் தொடும்வரை பவளத்தில் குழி வெட்டி, குறிப்பிட்ட மரங்களின் இலைகளைப் போட்டு மக்கவைத்து, அதில் புலாக்கா என்ற கிழங்கைத் தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டார்கள். நம் சேம்பின் இனம்தான், ஆள் உயரத்துக்கு மேல் வளரும். எந்த இலையை எப்போது போடுவது என்பது குடும்பச் சொத்து. கடல்மட்டம் ஏறும்போது அலை கரையைத் தாண்டி வந்துதான் இந்தக் குழியைக் கெடுக்க வேண்டும் என்பதில்லை. பவளம் சல்லடை போல ஓட்டை நிறைந்தது. பெரிய ஓதத்தின்போது தண்ணீர் தரைக்கு அடியிலிருந்தே கொப்புளித்து மேலே வருகிறது. கரையில் எவ்வளவு உயரமாகச் சுவர் எழுப்பினாலும் இதை நிறுத்த முடியாது. உப்பேறிய குழியில் கிழங்கு அழுகுகிறது. குடும்பம் இறக்குமதி அரிசிக்கு மாறுகிறது.

1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006-க்குப் பிறகு 3.7 ஆகிவிட்டது. துவாலுவைச் சுற்றி 2023-க்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயர்வு என்று நாசா கணக்கிட்டது. 2050 வாக்கில் அந்நாட்டின் பெரும்பகுதி இன்றைய உயர் ஓத மட்டத்துக்குக் கீழே இருக்கும் என்பதும் அதே மதிப்பீடு. தொழிற்புரட்சி தொடங்கி இதுவரை வெளியான கரியமில வாயுவில் சுமார் கால் பங்கு அமெரிக்காவினுடையது. துவாலுவின் பங்கைக் கணக்கில் காட்டத் தசமப் புள்ளிக்குப் பிறகு நிறையச் சுழியங்கள் போட வேண்டும்.

இந்தச் சித்திரத்துக்கு எதிரான சான்றுகளும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையல்ல. பால் கென்ச் என்ற நிலவியலாளரும் அவர் குழுவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், துவாலுவின் 101 தீவுத்திட்டுகளை 1971 முதல் நாற்பது ஆண்டுக் காலத்துக்குப் படங்களின் உதவியால் அளந்தார்கள். மொத்த நிலப்பரப்பு குறையவில்லை, 2.9 விழுக்காடு கூடியிருந்தது. அலைகள் பவளத் துண்டுகளையும் மணலையும் வாரிக்கொண்டு வந்து கரையில் சேர்த்ததே காரணம். பருவநிலை மாற்றத்தை மறுக்கிறவர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபுனாஃபுட்டியில் நீர் தேங்குவதற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுவதுண்டு: 1943-இல் அமெரிக்கப் படை விமான ஓடுதளம் அமைக்கத் தோண்டிய பெரும் பள்ளங்கள் எழுபது ஆண்டுகள் மூடப்படாமலே கிடந்தன. இரண்டும் உண்மை. ஆனால் பரப்பு கூடுவதும் குடியிருக்க முடிவதும் வேறுவேறு. ஒரு பக்கம் புதிதாகச் சேரும் மணல்மேட்டில் நன்னீர் கிடையாது, புலாக்கா வளராது, வீடு கட்டவும் ஆகாது. ராணுவப் பள்ளத்தைப் பொறுத்தவரை, தீவை வலியவர்கள் தங்கள் வேலைக்குத் தோண்டிவிட்டு அப்படியே போன கதை கடன் என்ற வாதத்துக்கு வலுச் சேர்க்கிறதே தவிரக் குறைக்கவில்லை.

இனி நோவாவுக்கு வருவோம். துவாலுவில் களஆய்வு செய்தவர்கள் பலரும் ஒரு பதிலைக் கேட்டிருக்கிறார்கள்: உலகை இனி வெள்ளத்தால் அழிப்பதில்லை என்று கடவுள் நோவாவுக்கு வாக்குக் கொடுத்து வானவில்லை அடையாளமாக வைத்திருக்கிறார், ஆகவே எங்கள் தீவு மூழ்காது. முக்கியமாக மூத்தவர்களிடம் இந்த நம்பிக்கை ஆழமானது. இதே கதை அமெரிக்க நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. 2009-இல் இலினாய் மாநில உறுப்பினர் ஜான் ஷிம்கஸ், அவைக் குழு ஒன்றின் விசாரணையில் ஆதியாகமத்தின் அந்தப் பகுதியை வாசித்து, பூமியின் முடிவைக் கடவுள் தீர்மானிப்பார் என்றார். எண்ணெய் வளம் மிக்க ஓக்லஹோமாவின் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் 2012-இல் வானொலிப் பேட்டி ஒன்றில் அதே அதிகாரத்தைக் காட்டி, கடவுள் நடத்தும் பருவகாலங்களை மனிதன் மாற்றிவிட முடியும் என்று நினைப்பதே ஆணவம் என்று சொன்னார்.

சொல் ஒன்றுதான், சொல்லும் இடம் வேறு. துவாலுவின் கிழவர் அந்த வாக்கைச் சொல்லும்போது தன் முன்னோர் புதைந்த மண்ணை விட்டுப் போக மறுக்கிறார். அதில் அறியாமையைவிட உரிமைக்குரல் அதிகம். நகைக்க அதில் ஒன்றுமில்லை. செனட்டர் சொல்லும்போதோ அது தன் மாநிலத்து எண்ணெய்க் கிணறுகளுக்கு வாங்கிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. ஆனால் இருவருக்கும் கதை முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பூமி கொடுமையால் நிறைந்ததால்தான் வெள்ளமே வந்தது என்று கதை தொடங்குகிறது. மனிதர் செய்வது நிலத்தைப் பாதிக்காது என்பதற்கு நேர் எதிரான கதை அது. நோவாவைக் கடவுள் நம்பிக்கையோடு வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. மரம் இன்னது, நீளம் இத்தனை முழம், உள்ளும் புறமும் கீல் பூச வேண்டும் என்று அளவு கொடுத்து வேலை வாங்கினார். கடைசியில் செய்த உடன்படிக்கையோ மனிதரோடு மட்டும் அல்ல. பறவைகள், நாட்டு மிருகங்கள், காட்டு மிருகங்கள் என்று உயிருள்ள அத்தனையோடும் செய்தது. அந்த வாக்கு, தான் எதைச் செய்ய மாட்டேன் என்று கடவுள் தன்னைக் கட்டிக்கொண்டது. மனிதன் மனிதனுக்கு எதைச் செய்ய மாட்டான் என்று அதில் உத்தரவாதம் ஏதும் கிடையாது. தீவுகளின் சபைகள் இந்த வாசிப்புக்குச் சீக்கிரமே வந்துவிட்டன. 2004 மார்ச்சில் கிரிபாட்டியின் தலைநகர் தராவாவில் கூடிய பசிபிக் சபைகள் வெளியிட்ட ஓட்டின் தாய் பிரகடனம், இந்த மாற்றம் மனிதர் செயலால் வந்தது என்று திட்டமாகச் சொல்லி, தொழில்வள நாடுகளின் சபைகளைத் துணைக்கு அழைத்தது.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற வாதத்துக்கு வரலாற்றில் ஏற்கெனவே ஒரு பதில் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 18-ஆம் நூற்றாண்டில் இடிதாங்கியைக் கண்டுபிடித்தபோது, மின்னல் கடவுளின் கையில் இருப்பது, அதைத் தடுக்கலாமா என்று சில போதகர்கள் ஆட்சேபித்தார்கள். ஊரிலேயே உயரமான கட்டடம் தேவாலயக் கோபுரம் என்பதால் இடி அதில்தான் அதிகம் விழுந்தது. வெனிஸ் நகரின் புனித மாற்கு மணிக்கோபுரம் 1776-இல் இடிதாங்கி வைத்துக்கொண்டது. இன்று இடிதாங்கி இல்லாத உயரமான தேவாலயத்தைக் காண்பது அரிது. அதனால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடவில்லை. ஆண்டவரின் இரண்டாம் வருகை நெருங்கிவிட்டது, இந்த உலகம் எப்படியும் அழியப்போவதுதானே என்பவர்களும் பிள்ளைகளுக்குக் கல்லூரி இடம் தேடுகிறார்கள், முப்பது ஆண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வாங்குகிறார்கள். கடலுக்கு மட்டும் தனிக் காலக்கணக்கு ஏன் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும். இந்த அறிவியலே விசுவாசத்துக்கு விரோதம் என்போருக்கு, மேற்சொன்ன ஐ.நா. குழுவின் முதல் அறிவியல் அறிக்கைகளுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஹௌட்டன் வேல்ஸ் நாட்டு இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர் என்பதை நினைவூட்டினால் போதும்.

கடன் என்று வந்துவிட்டால் கிறிஸ்தவ மரபில் அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. எரிகோவில் காட்டத்தி மரத்தில் ஏறிய சகேயுவை எல்லாக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஞாயிறு பள்ளியிலேயே அறிவார்கள். வரி வசூலில் கொழுத்தவன். அவன் மனம் வருந்தியதாகச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை; சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்து, யாரிடம் அநியாயமாக வாங்கியிருந்தாலும் நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அதன் பிறகே அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு சொல்கிறார். மனந்திரும்புதலில் கணக்குத் தீர்ப்பதும் அடங்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இயற்கைக்குச் செய்யும் கேடு பாவம் என்று கான்ஸ்டான்டிநோபிள் ஆர்த்தடாக்ஸ் மறைமுதுவர் பர்த்தலோமேயு 1997-இல் அறிவித்தார். தவறு, மாசு, பின்விளைவு என்றெல்லாம் சொல்வதற்கும் பாவம் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பாவத்துக்குப் பரிகாரம் கேட்கப்படும். 2015-இல் வந்த ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், வட நாடுகள் தென் நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டிருக்கின்றன என்று வெளிப்படையாக எழுதினார்.

பேச்சு பணத்தைத் தொட்ட இடங்களைப் பார்த்தால்தான் இதில் எவ்வளவு நிஜம் என்று தெரியும். இங்கிலாந்துத் திருச்சபையின் பெரும் நிதியம் சுமார் 1,000 கோடி பவுண்டு மதிப்புள்ளது. எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளை வைத்துக்கொண்டு உள்ளிருந்தே அவர்களைத் திருத்துவோம் என்று அது பல ஆண்டுகள் முயன்றது. பாரிஸ் ஒப்பந்தத்துக்கு ஏற்ப மாறாத நிறுவனங்களை 2023-க்குள் கைவிட வேண்டும் என்று 2018-இல் அதன் பேரவை கெடு வைத்தது. கெடு முடிந்த ஆண்டு ஜூனில் ஷெல், பி.பி., எக்ஸான்மொபில் உட்பட 11 நிறுவனங்களை நிதியம் விலக்கியது. நீங்கள் விற்ற பங்கை வேறொருவர் வாங்கப் போகிறார், பூமிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். பங்குவிலை அசையாது என்பது சரிதான். ஆனால் உள்ளிருந்து திருத்துவோம் என்பதைச் செய்து பார்த்துத் தோற்றதாக ஒரு பெரிய முதலீட்டாளர் ஊரறியச் சொன்னார். அடுத்த தடவை அந்தச் சாக்கை யாரும் எளிதில் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் யூனைட்டிங் சர்ச்சின் தேசியப் பேரவை 2014-லேயே இதே முடிவை எடுத்தது. அரசுகள் இவ்வளவுக்கு வரவில்லை. துவாலுவோடு ஆஸ்திரேலியா 2023-இல் செய்துகொண்ட ஃபலேபிலி ஒப்பந்தம் ஆண்டுக்கு 280 துவாலுக்காரர்களுக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் உரிமை தருகிறது. 2025-இல் முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து 8,000-க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். நிலம் மூழ்காது என்று நம்பிய நாட்டில் இது சிறிய எண்ணிக்கையல்ல. அந்த ஒப்பந்தம் நல்லதுதான். ஆனால் துவாலு மற்ற நாடுகளோடு செய்யும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஆஸ்திரேலியாவின் இணக்கம் வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. கடனைத் திருப்பித் தருகிறவன் இப்படி நிபந்தனை போடுவதில்லை. தர்மம் செய்கிறவன்தான் போடுவான்.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் 1795-இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய ரிங்கல்தௌபே என்ற மிஷனரிதான் 1806-இல் குமரிப் பகுதியின் மயிலாடிக்கு வந்தார். அதே சங்கத்தின் வழிவந்த குக் தீவுச் சபையின் எலெக்கானா என்ற டீக்கன் 1861-இல் படகு திசைமாறி, வாரக்கணக்கில் கடலில் மிதந்து, துவாலுவின் ஒரு தீவில் கரை ஒதுங்கினார். அங்கே சபை பிறந்தது. குமரி மாவட்டத் தென்னிந்தியத் திருச்சபைக்கும் துவாலு சபைக்கும் தாய் ஒருத்தி. கடலும் ஒரே வகையில்தான் நடந்துகொள்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல், தங்கல் மீன்பிடிப்புக்குப் போயிருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர்களை எச்சரிக்கை போய்ச் சேரும் முன்பே பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் அல்லது திரும்பவே இல்லை. ஒரு தனிப் புயலைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அரபிக்கடல் சூடாவதையும், அங்கே புயல்கள் அண்மைக் காலத்தில் கூடியிருப்பதையும் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இங்கே எழும் ஆட்சேபம் நியாயமானது. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் அமெரிக்கர் சுமார் 14 டன்னுக்கு. எங்களுக்கு ஏன் பாவப் பட்டியல்? மின்விசிறிக்கே தடையின்றிக் கரண்ட் வராத வீடுகள் உள்ள நாட்டில் கரியை நிறுத்தச் சொல்வது யாருக்கு நீதி? தனி ஏழைக் கிறிஸ்தவரிடம் இந்தக் கடனைக் கேட்பது அநியாயம்தான்; அவர் கடன் கொடுத்தவர் வரிசையில் நிற்கிறார். ஆனால் சராசரி 2 டன் என்பது யாரையும் ஒளித்துவைக்கும் எண். குளிரூட்டிய ஆலயம், ஏக்கர் கணக்கில் வளாகம், பொறியியல் கல்லூரி, பல மாடி மருத்துவமனை என்று வளர்ந்துவிட்ட நிறுவனம், கடற்கரைக் குடிசையின் 2 டன்னைத் தன் கேடயமாகப் பிடிக்கக் கூடாது. சபை ஆத்துமாக்களைப் பார்க்கட்டும், அரசியல் வேண்டாம் என்பதும் நம் பக்கத்தில் எடுபடாத வாதம். குமரி மாவட்டத்தின் இனயத்தில் துறைமுகத் திட்டம் வந்தபோது எதிர்த்துத் திரண்டவை கடற்கரைப் பங்குகள்தான்; வாழ்வு போகும் என்று தெரிந்தால் மக்கள் முதலில் அடிப்பது கோயில் மணியைத்தான்.

நம் சபைகளில் சூழல் ஞாயிறு கொண்டாடுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், தென்னிந்தியத் திருச்சபையில் சூழலியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. நட்ட கன்றுக்கு அருகில் ஆயர் நிற்கும் படம் மாத இதழின் அட்டையில் வந்துவிடுகிறது. அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று அடுத்த இதழில் யாரும் எழுதுவதில்லை. இங்கிலாந்தில் அந்த 11 பெயர்கள் வெளியே வந்தது, நிதியம் எங்கெங்கே பணம் போட்டிருக்கிறது என்று பேரவையில் கேட்க உறுப்பினர்களுக்கு வழி இருந்ததால். நம் திருமண்டலத் தேர்தல்களிலும் அணிகள் உண்டு, வாக்குகள் உண்டு, நீதிமன்றம் வரை போகும் சண்டைகள் உண்டு. பள்ளிக்கூட நிர்வாகம் யாருக்கு, காலியிடம் யாருக்கு என்பதற்கே அத்தனை சூடும் செலவாகிறது. வரவுசெலவு வாசிக்கும் நாளில் எழுந்து கேட்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை: நம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கின்றன, எத்தனை கூரைகளில் சூரியத் தகடு இருக்கிறது, சபை நிலம் எதற்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது, அடுத்த புயலுக்கு முன்பு கடலோர ஊர்களுக்கு எச்சரிக்கை கொண்டுசேர்க்க இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம். கடைசிக் கேள்விக்குப் பேராயர் இல்லத்தின் அனுமதி கூடத் தேவையில்லை. ஒவ்வொரு கடலோரக் கோபுரத்திலும் ஒலிபெருக்கி ஏற்கெனவே இருக்கிறது.